ஊரெல்லாம் பதினேழு

— சிரிக்காத பாஷா. உன் கையில இருக்குதே லகான் வாரு, அதைப் பாரு. கட்டை விரலை எடுத்துட்டுப் பாரு.

— பார்த்தேன். இன்னா இருக்குது?

— பதினேழு.

— அரே, ஆமாம்பா. ஒண்ணும் ஏழும் அச்சுக் குத்தியிருக்குது. இத்தினி நாளா இதைப் பிடிச்சிகினுதான் சவாரி போறேன், என் கண்ணுல படவே இல்லியே.

— உனக்கு வந்த சேதியா இருந்தா உன் கண்ணுல பட்டிருக்கும். இது எனக்கு வந்தது. அதான் எனக்குத் தெரியுது.

— தோஸ்த்து, பச்சையப்பா, டேசனுக்கு மூட்டையோட போவணும்னு சொன்ன, ஜட்காவைப் பூட்டினேன். கூலி வாணாம்னேன். அதுக்கோசரம் வழி பூரா இந்த நம்பர் புராணத்தைக் கேக்கணுமா? என் குதிரை சுல்தானே காதை மடிச்சிகினான் பாரு. நடடா ராஜா, நட. நம்ப தலையெழுத்து.

— நீ என் சிநேகிதன், உன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவேன்? நான் ஒண்ணும் பைத்தியமில்ல, கேளு. அடைமழைக்கு முன்னால ஒருநாள் முடி வெட்டிக்க உட்கார்ந்தேன். கத்தி தீட்டுற தோலு கண்ணுக்கு நேரா தொங்குது. அதுல பதினேழு. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன். அப்பால கொல்லுப்பட்டறை வழியா போறேன், துருத்தியில பதினேழு. தோட்டத்துல மாடு பூட்டிக் கவலையில தண்ணி இறைக்கறாங்க, சாலுக்குக் கீழ தோல் வாலு தொங்குதே, அதுல பதினேழு. சவுரியம்மாள் அக்கா வாசல்ல செருப்பைக் கழட்டி வுட்டிருக்காங்க, குனிஞ்சு பார்த்தா அதுலயும் பதினேழு.

— அடுத்தவங்க செருப்பை எதுக்குப்பா குனிஞ்சு பாக்கற?

— பாக்காம இருக்க முடியலியே. அந்த அக்கா என்னைச் செருப்புத் திருடன்னு நினைச்சிகினு அன்னிலேர்ந்து உள்ளாற எடுத்து வைக்கிறாங்க.

— வைக்க மாட்டாங்களா பின்ன? சரி, ஒண்ணு கேக்கறேன். நீ வேலை செய்யறது தோல் பதப்படுத்துற ஷாப்புல. தோலுன்னா வாலுகிட்ட அச்சுக் குத்தத்தான் செய்வாங்க. இது எனக்கே தெரியும். குதிரைக்காரனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாதா?

— தெரியாம இன்னா? அந்தந்த சரக்குக்கு அந்தந்த நம்பரு. குழிக்குள்ள போய் வந்தா எந்தத் தோலு எந்தச் சரக்குன்னு அடையாளம் வேணுமில்ல. ஆனா யோசிச்சுப் பாரு. ஆம்பூர்ல பதப்படுத்துற தோலு ஆம்பூர்லயா நிக்குது? கட்டுக் கட்டி ரயில்ல மெட்ராசுக்குப் போவுது, அங்கேர்ந்து கப்பல்ல சீமைக்குப் போவுது. இங்க ஒரு துண்டு தங்கினாலே அதிசயம். அப்படியே தங்கினாலும் ஒண்ணுல அஞ்சு, ஒண்ணுல முப்பது, இப்படி வேற வேறயா இருக்கணுமா இல்லியா? எங்க பார்த்தாலும் பதினேழாவே இருந்தா?

— அதுவும் ஒரு பேச்சுதான்.

— இப்ப ஒத்துக்கறியா?

— ஒத்துக்கல. பேச்சுன்னு சொன்னேன். சரி, சாமி உனக்கு அனுப்பிச்ச சேதி இன்னா? போன மாசம் நீ வேற மாதிரி சொன்னியே. தை பதினேழாந் தேதி சம்பூர்ணத்துக்கும் உனக்கும் கல்யாணம், நம்பரே சொல்லுதுன்னு குதிச்சிகினு வந்த. என் வண்டியிலதான் ஊர்வலம்னு சொன்ன. சுல்தானுக்குக் குஞ்சம் வாங்கணும்னு நானும் நினைச்சிகினு இருந்தேன்.

— அப்ப அப்படித்தான் புரிஞ்சுது. அப்பால மேஸ்திரி வந்தாரு. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ஆளு எடுக்கறாருன்னு எல்லாரும் போய் நின்னாங்க. நான் சும்மா வேடிக்கை பாக்கத்தான் போனேன், சத்தியமா. ஆளுக்கு ஒரு பித்தளைப் பில்லை குடுக்கறாங்க, கழுத்துல மாட்டிக்கறதுக்கு. என் பில்லையில இன்னா நம்பர் இருந்துதுன்னு நினைக்கற? தோ, பாரு.

— பதினேழு. அடேங்கப்பா. மேஸ்திரி எடுத்து நீட்டினதே பதினேழா?

— நீட்டினது... அது வந்து இருபத்தி மூணு.

— பச்சை.

— கேளேன். பக்கத்துல ஒரு வாணியம்பாடிக்காரன் நின்னுகினு இருந்தான், அவன் கையில பதினேழு மினுக்குது. அண்ணே, மாத்திக்கலாமான்னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசல, சட்டுனு குடுத்துட்டான். யாராவது கேட்டதும் குடுப்பாங்களா? அதுவே ஒரு அடையாளந்தானே?

— யா அல்லா. நீயே கேட்டு வாங்கிக்கின நம்பரு உன்னைக் கூப்பிடுதுன்னு மூட்டை கட்டிகினு கிளம்பிட்ட. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சுன்னு எங்க வீட்டுல குர்ஷித் சொல்லும். உன்னைப் பார்த்துத்தான் சொல்லும் போல.

— நீ எப்படியாவது பேசிக்க. உனக்கு அம்மா கீறாங்க, பொண்டாட்டி கீது, சாயந்தரம் ஆனா வாசல்ல நின்னு கூப்பிட ஆளு கீது. நான் சித்தப்பன் வூட்டு மூலையில வளர்ந்தவன். சோறு போட்டாங்க, குறை சொல்லல. ஆனா பச்சையப்பா வாடான்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. நானாப் போய் உட்காருவேன், தட்டு வரும். இந்த நம்பரு வந்தப்போ எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? ஊரு பூரா யாரோ என்னையே தேடிகினு வந்து கூப்பிடற மாதிரி இருந்துது. அவ்ளோ சந்தோஷம் பாஷா. கூப்பிட்டவங்க சொல்ற இடத்துக்குப் போவாம இருந்தா எப்படி?

— இதைக் கேட்டா நான் சிரிக்க முடியாதுப்பா. ஆனா அந்தப் பொண்ணு? அவங்கப்பா ஆதிகேசவன் பொங்கலுக்குள்ள பதில் சொல்லச் சொன்னாரு இல்ல?

— சொன்னாரு. பதில் வரலன்னா கலவை ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைக்குத் தட்டு மாத்திடுவேன்னாரு. வேலையைக் கெடுக்கறவனுக்குப் பொண்ணு குடுக்கணுமான்னு ஒரு குத்து வேற. ஒரு தடவை ஒரு சரக்கைக் கெடுத்துட்டேன், அதை ஊரே வெச்சிகினு பேசுது.

— அவகிட்ட சொல்லிட்டுத்தானே கிளம்பின?

— இல்ல.

— இல்லியா?

— எப்படிச் சொல்லுவேன்? அவ மூஞ்சியைப் பார்த்தா என் காலு நகராது. அதான் அவ ஷாப்புக்குத் தோல் பதப்படுத்துற பட்டை கொண்டார்ற நேரத்துக்கு முன்னாலயே கிளம்பிடலாம்னு உன்னைச் சீக்கிரம் வரச் சொன்னேன். நீ இன்னாடான்னா ஆடி அசைஞ்சு வர. ஏன் நிறுத்திட்ட?

— ரயில்வே கேட்டு சாத்திட்டாங்க. கூட்ஸ் வண்டி வருது போல.

— பேஜாரா போச்சே. என் ரயிலு போயிடப் போவுது.

— போவாது. கூட்ஸ் போனாத்தான் அது வரும். உட்காரு. அதோ பாரு, கேட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில யாரு நிக்கறாங்க? தலையில ஆவாரம்பட்டைச் சுமை.

— ஐயோ, சம்பூர்ணம். பாஷா, வண்டியைத் திருப்பு.

— முன்னால கேட்டு, பின்னால ரெண்டு மாட்டு வண்டி. சுல்தானுக்கு ரெக்கையா இருக்குது?

— நான் கூண்டுக்குள்ள குனிஞ்சிக்கறேன். சவாரி யாருமில்லன்னு சொல்லு.

— மூட்டை வெளிய தொங்குதே.

— உள்ளாற குனிஞ்சிகினு இருக்கறவர் கொஞ்சம் எறங்கி வந்து சுமையை எறக்க ஒரு கை குடுக்கறாரா? கழுத்து வலிக்குது.

— தோ, வர்றேன் சம்பூர்ணம். அப்படியே நில்லு. கையை எடு, நான் வாங்கிக்கறேன்... இன்னா இது, இவ்ளோ லேசா இருக்குது?

— லேசாத்தான் இருக்கும். நீ மொதல்ல அந்த மூட்டை எதுக்குன்னு சொல்லு. கோலாருக்குத்தானே?

— யாரு சொன்னாங்க?

— பாய் சொன்னாரு.

— பாஷா.

— இன்னா பாஷா? ரயிலுக்கும் தப்பாம, கேட்டு சாத்துற நேரத்துக்கும் சரியா வந்து நிறுத்தறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? நடத்தி நடத்திக் கூட்டி வந்தேன். சுல்தானுக்கே வெக்கமா போச்சு. தங்கச்சி, எல்லாம் சொல்லிட்டேன் உன்கிட்ட. இனிமே நீ கேட்டுக்க.

— கேக்கறேன் பாய். ஏய்யா, பதினேழு உன்னைக் கூப்பிடுதாமே?

— நீயும் சிரிக்காத.

— நான் சிரிக்கல. பாய், உங்க கையில இருக்கிற வாரு எங்க வாங்கினது?

— நம்ப செருப்புத் தைக்கிற பெருமாள்கிட்ட. ரொம்ப மலிவாக் குடுத்தான். ஏன் மலிவுன்னு அப்பாலதான் தெரிஞ்சுது. இழுக்க இழுக்க நீளுது. அடிக்கடி முடிச்சுப் போட்டுக் குறுக்கிகினு கீறேன்.

— முடி வெட்டுற கடைக்குக் கத்தி தீட்டுற தோலு யாரு குடுத்தது?

— பெருமாள்தான். அந்த ஆளும் பொலம்பறான், தீட்டினா தோலு சுருண்டுக்குதாம்.

— கொல்லன் துருத்தி?

— அதுவும் பெருமாள் தைச்சதுதான். காத்து ஓரமாப் போவுதுன்னு கொல்லன் திட்டிகினு கீறான். அரே, தோட்டத்துக் கவலையும் ஒழுகுதாம். சவுரியம்மாள் செருப்பு வாயைப் பொளந்துகினு நிக்குது. தங்கச்சி, நான் இதை யோசிக்கவே இல்லியே. பதினேழு இருக்கிற சாமான் ஒண்ணு கூட உருப்படி இல்ல.

— பெருமாளுக்கு அவ்ளோ தோலு ஏது? ஏய்யா, நீ சொல்லு. நல்ல தோலு மெட்ராசுக்குப் போவுது. கெட்டுப் போன தோலு எங்க போவும்?

— கழிச்சுப் போட்டு... உள்ளூர்லயே வித்துடுவாங்க.

— உன் மொதலாளி மக்பூல் அகமது சாயபு ஷாப்புல மொத்தமாக் கழிச்சுப் போட்ட சரக்கு எது?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— சொல்லுய்யா.

— சுண்ணாம்புக் குழியில ஜாஸ்தி ஊறிப் போனது. தொளதொளன்னு ஆயிடுச்சு. சீமைக்காரன் வாங்க மாட்டான்னு சாயபு தலையில அடிச்சிக்கினாரு.

— யாரு ஊற வுட்டது?

— நான்தான்.

— அந்தச் சரக்குக்கு நம்பர் இன்னா?

— எனக்கெப்படித் தெரியும்? என்கிட்ட வர்றப்போ மயிரோட வருது. அச்சு மயிருக்குள்ள மூடிகினு கிடக்குது. மயிரு சீவுறவங்கதான் நம்பரைப் பாப்பாங்க, நாங்க குழியைத்தான் பாப்போம்.

— நான் பார்த்தேன். கழிச்ச தோலையெல்லாம் பட்டைக் குவியல் பக்கத்துல காயப் போட்டிருந்தாங்க. மழை தூறுச்சு, நானும் ஒரு கை குடுத்து அள்ளினேன். ஒவ்வொண்ணுலயும் வாலுகிட்ட பதினேழு. வேற தோலா இருந்தா அந்த வாலுத் துண்டை நறுக்கிப் போட்டுடுவாங்க. பெருமாள் காசைப் பார்க்கற ஆளு. ஒரு துண்டையும் வீணாக்காம ஊருக்கே தைச்சுப் போட்டுட்டான்.

— யா அல்லா. அப்ப என் லகானு நீளுறதுக்குக் காரணம் இந்த தோஸ்த்தா? நேத்து குதிரை வாய்க்கால்ல எறங்குச்சே, நான் சுல்தானைத் திட்டினேன். பாவம், வாயில்லாத ஜீவன். மன்னிச்சுக்கடா ராஜா.

— சிரி பாஷா. இப்ப சிரி. நானும் சிரிக்கலாம்னு பாக்கறேன், வரல.

— ஏய்யா, மூஞ்சியை ஏன் தொங்கப் போட்டுக்கற? சாமி சேதி இல்லன்னு தெரிஞ்சு போச்சு, அவ்ளோதானே. பித்தளைப் பில்லையைத் திருப்பிக் குடுத்துட்டு வா. மேஸ்திரி ஒரு ஆளுக்காக அழ மாட்டாரு.

— இல்ல தங்கச்சி, எனக்கு ஒண்ணு புரியல. இவன் வேலையில கெட்டிக்காரன்தான். குழியிலேர்ந்து தோலைத் தூக்கித் திருப்பிப் போடறதுல இவனை மாதிரி ஆளில்லன்னு சாயபே சொல்லியிருக்காரு. அந்த ஒரு சரக்கை மட்டும் எப்படி வுட்டான்?

— அதைக் கேக்காத பாஷா.

— கேக்கறேன். சொல்லு. ஆதிகேசவன் கேட்டா நான் பதில் சொல்லணுமில்ல.

— அந்த வாரந்தான் இவ மொத மொதல்ல பட்டை கொண்டாந்தா. அதுக்கு முன்ன அவங்கப்பா வண்டியில கொண்டாருவாரு. மாட்டுக்குக் காலு நொண்டிகினு இருந்துதுன்னு இவளைத் தலைச்சுமையா அனுப்பினாரு. சுமை தூக்கிகினு வர்றவங்க தனியா எறக்க முடியுமா? வாசல்ல நின்னு, எறக்க ஒரு கை குடுங்கன்னு கூப்பிடுவா. குழி வாசல் பக்கம். நான் ஓடுவேன். எறக்கி வெச்சா ஒரு வாய் தண்ணி கேப்பா. குடுப்பேன். நாலு வார்த்தை பேசுவா. நின்னு கேப்பேன். அப்பால போய்த் தோலைத் தூக்கலாம்னு நினைக்கறதுக்குள்ள அடுத்த சுமையோட வந்து நிப்பா. அந்த வாரம் பூரா இப்படித்தான். பட்டை வந்துகினே இருந்துது. நான் ஓடிகினே இருந்தேன். தோலு ஊறிகினே இருந்துது.

— அப்படிப் போடு. சாயபுகிட்ட இதைச் சொன்னியா?

— எப்படிச் சொல்லுவேன்? பொண்ணு பேரு கெட்டுப் போவும். தூங்கிட்டேன்னு சொல்லிட்டேன்.

— நீ சொன்ன பொய்யிலேயே இதுதான்யா நல்ல பொய்.

— கூட்ஸ் போயிடுச்சு. கேட்டு தொறக்கறாங்க. பின்னால மாட்டு வண்டிக்காரன் கத்தறான். பச்சை, சீக்கிரம் சொல்லு. நேராப் போனா டேசன், திரும்பினா ஷாப்பு. எந்தப் பக்கம் இழுக்கட்டும்? சீக்கிரம் சொல்லு, இந்த வாரு நீளறதுக்குள்ள.

— தெரியல பாஷா. கோலாருக்குப் போவ மனசில்ல. ஆனா உள்ளாற இன்னமோ காலியாப் போன மாதிரி கீது. இத்தினி நாளா யாரோ என்னைத் தேடிகினு கூப்பிடறாங்கன்னு நினைச்சிகினு படுத்தேன், நினைச்சிகினு எழுந்தேன். இப்பப் பார்த்தா யாருமே கூப்பிடல. நானே கெடுத்த தோலு, நானே பார்த்தேன், நானே மயங்கினேன்.

— யாரும் கூப்பிடலன்னு உனக்கு யாருய்யா சொன்னது?

— பின்ன?

— இப்ப எறக்கினியே, இந்தச் சுமை ஏன் லேசா இருந்துதுன்னு கேட்ட இல்ல? அன்னிக்கும் லேசாத்தான் இருந்துது, நீ கவனிக்கல. எங்கப்பன் அந்த வாரம் கட்டிக் குடுத்ததே மொத்தம் ரெண்டு சுமைதான். உன்னைக் கூப்பிடறதுக்கோசரம் நான்தான் அதைப் பிரிச்சுப் பிரிச்சு வாரம் பூரா தூக்கிகினு வந்தேன்.